ஹீலர் இருந்தும் ஆள் விழுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை ஆடும் மேசைகளுக்காக (குழுக்களுக்காக) இதை எழுதுகிறோம். 2014 விதிகளையும் 2024-இல் திருத்தி வந்த விதிகளையும் கலந்து ஆடுபவர்கள் நிறைய. அதனால் எண் மாறும் இடங்களில் இரண்டையும் சொல்லியிருக்கிறோம். விளையாட்டுக் காசைப் பொன் என்றும் வெள்ளி என்றும் எழுதுகிறோம். பத்து வெள்ளி ஒரு பொன். உலகம் கட்டுவது பற்றிய பகுதிகளில் உதாரணங்கள் எல்லாம் கொங்கு நாட்டு மண்ணிலிருந்து எடுத்தவை. நொய்யலையும் கொல்லிமலையையும் வரைபடத்தில் வைத்து ஆடும் குழுவுக்கு அவை அப்படியே பொருந்தும்.

ஹெச்பி (உயிர்ப்புள்ளி) எண்ணை நிரப்பி வைப்பது ஹீலரின் (குணப்படுத்துபவரின்) வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அவர் காக்க வேண்டியது டர்ன், அதாவது ஒருவருக்கு ஆட வரும் முறை. ஒவ்வொருவருக்கும் அடுத்த டர்ன் கிடைக்க வேண்டும், எதிரிக்கு அடுத்த டர்ன் கிடைக்காமல் போனால் இன்னும் நல்லது. இந்தக் கணக்கு பிசகும் இடத்தில்தான் கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

அறிகுறி: எவ்வளவு ஹீல் செய்தாலும் நிற்கவில்லை, ஸ்லாட் தீர்ந்தது, சண்டை தீரவில்லை

முதலில் எண்களைப் பாருங்கள். மூன்றாம் லெவல் க்ளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரி), விஸ்டம் +3. முதல் லெவல் ஸ்லாட்டில் (ஒருமுறை ஸ்பெல், அதாவது மந்திரம், போடுவதற்கான இருப்பு) க்யூர் வூண்ட்ஸ் என்ற குணமாக்கும் ஸ்பெல்லைப் போட்டால் 2014 விதிப்படி 1டி8+3 (எட்டு முகப் பகடை ஒன்று, கூட 3), சராசரி 7.5. எதிரே ஒரு ஓகர் (பெரிய அரக்கன்). அதன் தடி பட்டால் 2டி8+4, சராசரி 13. ஏசி (அடியைத் தடுக்கும் காப்பு எண்) 16 உள்ள ஃபைட்டரை (போர்வீரரை) அது நூற்றுக்கு 55 முறை அடிக்கும். ஆக ஒரு டர்னுக்கு எதிர்பார்க்கும் சேதம் 7 சொச்சம். ஹீலர் தன் டர்னின் முக்கியச் செயலான முழு ஆக்‌ஷனையும் ஒரு ஸ்லாட்டையும் கொடுத்து, ஒரே ஒரு ஓகரின் ஒரே ஒரு டர்னைத்தான் அழிக்கிறார். ஓகர் எதையும் செலவழிக்கவில்லை, அடுத்த ரவுண்டும் அதே தடியோடு வரும். இரண்டு ஓகர் இருந்தால் இந்தப் போட்டியில் ஹீலர் ஜெயிக்க வழியே இல்லை. 2024 விதியில் க்யூர் வூண்ட்ஸ் 2டி8+3, சராசரி 12 ஆனது. நிலைமை கொஞ்சம் தேறியது, ஆனால் ஸ்லாட் ஸ்லாட்தான்.

அடுத்து, பூஜ்யத்துக்குக் கீழே ஹெச்பி இறங்காது என்ற விதி. 4 ஹெச்பியில் நிற்கும் ஃபைட்டருக்கு 7 ஊற்றினால் 11. ஓகரின் சராசரி அடி 13. அவர் எப்படியும் விழுவார், உங்கள் ஸ்லாட்டும் போச்சு. ஊற்றாமல் விட்டிருந்தால் அதே 13-இல் 4 மட்டுமே அவரிடமிருந்து போயிருக்கும், மிச்சம் 9 காற்றில் கரைந்திருக்கும். விழுந்த பிறகு ஹீலிங் வேர்டு போட்டால் (1டி4+3, 2024-இல் 2டி4+3) டர்னில் கூடுதலாகச் செய்யும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷனிலேயே எழுந்துவிடுவார். உங்கள் ஆக்‌ஷன் கையில் இருக்கும். 1 ஹெச்பியில் நிற்பவரும் 40 ஹெச்பியில் நிற்பவரும் வாளை ஒரே மாதிரிதான் வீசுகிறார்கள்.

இதை மட்டும் படித்துவிட்டு எப்போதும் விழும்வரை காத்திருக்கக் கூடாது. யாருக்குப் பின் யார் ஆடுவது என்ற இனிஷியேட்டிவ் வரிசையைப் பார்த்துத்தான் முடிவு. ஓகர், ஹீலர், ஃபைட்டர் என்று வரிசை இருந்தால் காத்திருங்கள்: ஓகர் வீழ்த்தும், நீங்கள் எழுப்புவீர்கள், ஃபைட்டர் டர்னை இழக்காமல் அடிப்பார். வரிசை ஓகர், ஃபைட்டர், ஹீலர் என்றால் நிலைமை தலைகீழ். அவர் விழுந்த உடனே அவர் டர்ன் வந்துவிடும், டெத் சேவ் (சாவா பிழைப்பா என்று பார்க்கும் பகடை) உருட்டுவதில் அது வீணாகும். இந்த வரிசையில் முன்கூட்டி ஹீல் செய்யலாம், ஆனால் ஊற்றிய பிறகு அவர் ஹெச்பி எதிரியின் சராசரி அடியைத் தாண்டி நிற்க வேண்டும். தாண்டாது என்றால் அந்த ஸ்லாட்டை வேறு வேலைக்கு வையுங்கள். ஹீலிங் வேர்டை ரெடி ஆக்‌ஷனில் பிடித்து வைத்து அவர் விழும்போது போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. ஒரு ஆக்‌ஷன் நேரம் எடுக்கும் ஸ்பெல்லை மட்டுமே ரெடி செய்ய முடியும், இது போனஸ் ஆக்‌ஷன் ஸ்பெல்.

அந்த 'வேறு வேலை' என்ன? பிளெஸ் ஸ்பெல் மூன்று பேரின் தாக்குதலுக்கும் சேவுக்கும் (ஆபத்தைத் தாங்க உருட்டுவது) 1டி4 சேர்க்கும். சராசரி 2.5, அதாவது ஒவ்வொரு உருட்டலிலும் ஏறக்குறைய 12 சதவீதம் கூடுதல் வாய்ப்பு, சண்டை முடியும்வரை. ஷீல்டு ஆஃப் ஃபெயித் ஏசி-யை 2 கூட்டும்; ஓகரின் 55 அங்கே 45 ஆகும். கமாண்ட் போட்டு எதிரி ஓடிவிட்டால் அதன் டர்ன் மொத்தமும் போச்சு. முதல் ரவுண்டில் ஹீலர் இதில் ஒன்றைச் செய்ய வேண்டும், முதல் ஆள் விழுந்த பிறகுதான் ஹீலிங்குக்கு வர வேண்டும். நடைமுறையில் பெரும்பாலான மேசைகளுக்கு இந்த ஒரு மாற்றமே போதும்.

ஒரு விதிவிலக்கை மறக்காதீர்கள். முதல், இரண்டாம் லெவலில் காத்திருப்பது ஆபத்து. பூஜ்யத்தைத் தொட்ட பிறகு மிஞ்சும் சேதம் அதிகபட்ச ஹெச்பிக்குச் சமமானால் டெத் சேவே கிடையாது, அங்கேயே மரணம். அதிகபட்சம் 7 உள்ள விசார்ட் (மந்திரவாதி) 6-இல் நிற்கிறார், ஓகர் 13 அடிக்கிறது: மிச்சம் 7, ஆள் முடிந்தார். சின்ன லெவலில் மெலிந்த ஆளைப் பின்னால் நிறுத்துங்கள்.

அறிகுறி: ஒரே ஆள் விழுவதும் எழுவதுமாக இருக்கிறார்; சாவுக்கு யாரும் பயப்படுவதில்லை

மேலே சொன்னதை ஒரு குழு நன்றாகக் கற்றுக்கொண்டதும் இந்தக் கோளாறு வரும். இது ஹீலரின் பிழை இல்லை. டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) பக்கம் சரிசெய்ய வேண்டியது.

முதலில் இருக்கும் விதியையே முழுதாகப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். விழுந்தவர் கையில் இருப்பதைக் கீழே போடுகிறார், தரையில் கிடக்கிறார், ஸ்பெல்லைத் தொடர்ந்து பிடித்து வைக்கும் கான்சன்ட்ரேஷன் போய்விடுகிறது. எழுப்பிய பிறகு நிமிர்ந்து நிற்கப் பாதி வேகம் போகும். வாளைப் பொறுக்க வேண்டும். பல மேசைகளில் இதெல்லாம் மறந்துபோய், விழுந்தவர் கையில் வாளோடு துள்ளி எழுகிறார். அடுத்தது, மயங்கிக் கிடப்பவரை 5 அடிக்குள்ளிருந்து அடித்தால் பட்ட அடி எல்லாமே க்ரிட்டிக்கல் (உச்ச அடி), அது டெத் சேவில் இரண்டு தோல்வி. புத்தியுள்ள எதிரி, ஹீலர் ஒருமுறை ஆளை எழுப்பியதைப் பார்த்த பிறகு, இதைச் செய்வான். அல்லது நேராக ஹீலரைத் தேடி வருவான். ஓநாய்க் கூட்டமோ வேறு எதாவது செய்யும்: விழுந்தவரைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அதுவும் ஹீலருக்கு நல்ல சோதனை.

இவை போதாவிட்டால் வீட்டு விதி. விழும் ஒவ்வொரு முறையும் ஒரு எக்ஸாஸ்ஷன் (களைப்பு) லெவல் என்று பலர் வைக்கிறார்கள். 2014 விதியில் இது கொடுமை: மூன்றாவது லெவலில் தாக்குதலுக்கும் சேவுக்கும் டிஸ்அட்வாண்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது), ஆறில் மரணம், ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு (இரவு ஓய்வுக்கு) ஒரு லெவல்தான் இறங்கும். 2024-இல் லெவலுக்கு டி20 (இருபது முகப் பகடை) உருட்டலில் 2 குறையும், வேகம் 5 அடி குறையும், ஆறில் மரணம். எங்கள் பரிந்துரை: ஒரு சண்டையில் முதல் முறை விழுந்தால் ஒன்றும் இல்லை, இரண்டாம் முறையிலிருந்து ஒரு லெவல். இதை ஆட்டம் தொடங்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். நடுவில் கொண்டுவந்தால் முன்வரிசையில் நிற்பவருக்கு மட்டும் தண்டனையாகிவிடும்.

அறிகுறி: ஆள் பக்கத்தில்தான் சாகிறார், ஹீலரால் எட்ட முடியவில்லை

க்யூர் வூண்ட்ஸ் தொட வேண்டும். ஹீலிங் வேர்டு 60 அடி போகும், ஆனால் ஆளைக் கண்ணால் பார்க்க வேண்டும். மூடுபனிக்குள் கிடப்பவருக்குப் போகாது. வாய் திறந்து சொல்லும் ஸ்பெல் என்பதால் சைலன்ஸ் வட்டத்துக்குள் நின்றும் போட முடியாது. ஸ்பேர் தி டையிங் 2014-இல் தொட்டால்தான், 2024-இல் 15 அடியிலிருந்து. அதுவும் சாவைத்தான் நிறுத்தும், ஆளை எழுப்பாது. அப்படி நிலைப்பட்டவர் தானாக 1 ஹெச்பி பெற 1டி4 மணி நேரம் ஆகும்.

தீர்வு ஹீலரிடம் இல்லை, எல்லாருடைய பையிலும் இருக்கிறது. ஹீலர்ஸ் கிட் 5 பொன், பத்து முறை பயன்படும், உருட்டலே இல்லாமல் ஆளை நிலைப்படுத்தும். கிட் இல்லாவிட்டால் மெடிசின் உருட்டி 10 எடுக்க வேண்டும். ஹீலிங் போஷன் 50 பொன், 2டி4+2. குடிக்க 2014-இல் ஆக்‌ஷன், 2024-இல் போனஸ் ஆக்‌ஷன். முக்கியமாக ஹீலருக்கென்று ஒரு போஷன் வேறொருவர் இடுப்பில் இருக்க வேண்டும். ஹீலர் விழுந்தால் யார் எழுப்புவது என்று கேட்டு, ஒரே குரலில் பதில் வராத குழு அடுத்த சண்டையில் சிக்கலில் மாட்டும். பாலடின் (புனித வீரர்) இருந்தால் அவருடைய தொட்டுக் குணமாக்கும் திறனான லே ஆன் ஹேண்ட்ஸை மொத்தமாக ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் லெவலில் 25 புள்ளி. விழுந்தவரை எழுப்ப ஒரு புள்ளி போதும்.

இரண்டு மூன்று பேர் ஒன்றாக விழுந்தால் எய்டு ஸ்பெல்லை நினைவில் வையுங்கள். அதைக் காலையில் போட்டு அதிகபட்ச ஹெச்பியைக் கூட்டுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது நடப்பு ஹெச்பியையும் 5 கூட்டுவதால், 30 அடிக்குள் விழுந்து கிடக்கும் மூன்று பேரை ஒரே ஆக்‌ஷனில் எழுப்பும்.

அறிகுறி: "ஒரே டர்னில் இரண்டு ஸ்பெல் போட்டீங்களே" என்று வாக்குவாதம்

எந்த ஆண்டு விதி என்று முதலில் தீர்மானியுங்கள். 2014: போனஸ் ஆக்‌ஷனில் ஸ்பெல் போட்டால், அந்த டர்னில் மற்றபடி ஒரு ஆக்‌ஷன் கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சின்ன ஸ்பெல்) மட்டுமே. 2024: ஒரு டர்னில் ஒரு ஸ்லாட்தான் செலவழிக்கலாம். ஹீலிங் வேர்டோடு சேக்ரட் ஃபிளேம் என்ற கேன்ட்ரிப் இரண்டிலும் சரி. ஹீலிங் வேர்டோடு ஸ்லாட் செலவழிக்கும் பிளெஸ் இரண்டிலும் தவறு.

அறிகுறி: பிளெஸ் போட்ட அடுத்த நொடியே போய்விடுகிறது

பிளெஸ் கான்சன்ட்ரேஷனில் நிற்பதால், அடி வாங்கும் ஒவ்வொரு முறையும் கான்ஸ்டிட்யூஷன் (உடல் வலு) சேவ்: 10 அல்லது சேதத்தில் பாதி, எது பெரிதோ அது. கான்ஸ்டிட்யூஷன் +2 என்றால் சாதாரண அடிக்கு 65 சதவீதம் தாங்கும். வார் காஸ்டர் ஃபீட் (கூடுதல் திறன்) எடுத்தால் அட்வாண்டேஜோடு (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) 88-க்குப் போகும். ஆனால் இரண்டு அடிக்கு இரண்டு சேவ் என்பதால், ஃபீட் தேடுவதற்கு முன் ஹீலர் நிற்கும் இடத்தைப் பாருங்கள். தூண், வண்டி, பாறை, ஏதாவது ஒரு மறைவு.

அறிகுறி: உச்சி வெயில் ஏறும் முன்பே ஸ்லாட் காலி

பெரும்பாலும் சண்டைக்குப் பிறகு ஸ்லாட்டைப் போட்டு எல்லாரையும் நிரப்புவதுதான் காரணம். ஐந்தாம் லெவல் க்ளெரிக்குக்கு 4, 3, 2 என்று ஒன்பது ஸ்லாட்தான். அதே லெவலில் ஒவ்வொருவர் கையிலும் ஐந்து ஹிட் டைஸ் (ஓய்வில் ஹெச்பி மீட்க உருட்டும் பகடை) சும்மா கிடக்கிறது. ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்ட்டில் முதலில் அதைச் செலவழியுங்கள். போதாவிட்டால் 2014-இன் ஹீலர் ஃபீட்: கிட்டில் ஒரு முறைக்குரியதைச் செலவழித்து 1டி6+4, கூடவே அந்த ஆளின் மொத்த ஹிட் டைஸ் எண்ணிக்கை. ஐந்தாம் லெவலில் சராசரி 12.5, மந்திரமே இல்லாமல், ஆளுக்கு ஒரு ரெஸ்ட்டுக்கு ஒரு முறை. 2024-இல் இந்த ஃபீட் வேறு மாதிரி வேலை செய்கிறது, ஆளின் ஹிட் டையையே செலவழிக்கும். டிரூயிட் (இயற்கை மந்திரம் போடுபவர்) இருந்தால் இரவு படுக்கும் முன் மிஞ்சிய ஸ்லாட்டில் குட்பெர்ரி. பத்துக் கனி, கனிக்கு 1 ஹெச்பி, 24 மணி நேரம் கெடாது. மறுநாள் விழுந்தவர் வாயில் ஒன்றை வைத்தால் போதும்.

இத்தனையும் செய்தும் போதவில்லை என்றால் டிஎம் ஷார்ட் ரெஸ்ட்டுக்கு இடமே கொடுக்கவில்லை என்று அர்த்தம். கதையில் ஒரு மணி நேரம் உட்கார இடம் வையுங்கள். ஒரு சத்திரம், ஒரு பனங்காடு, ஒரு கிணற்று மேடு.

அறிகுறி: ஹீலர் ஆடுபவர் முகம் வாடியிருக்கிறது, போனைப் பார்க்கிறார்

இதை விதிப்பிழைகளைவிடப் பெரிதாக நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் இதைக் கவனிக்காத மேசை கலைந்துபோகும். எல்லாரும் வாளும் தீப்பந்தும் எடுத்த பிறகு மிஞ்சியதை யார் மறுக்காமல் வாங்கிக்கொள்வாரோ அவர் தலையில் ஹீலர் வேடம் விழுகிறது. புதிதாக வந்தவர், அமைதியானவர், பல மேசைகளில் அங்கே இருக்கும் ஒரே பெண். பிறகு அவருடைய டர்ன் வந்ததும் நான்கு பேர் ஒன்றாகக் கத்துகிறார்கள்.

வேடத்தைப் பிரித்துக் கொடுங்கள். பார்ட், டிரூயிட், பாலடின், ரேஞ்சர், ஆர்டிஃபிஸர் என்ற வேடக்காரர் எல்லாருக்கும் ஹீல் செய்யத் தெரியும். குழுவில் இரண்டு பேரிடம் ஹீலிங் வேர்டோ க்யூர் வூண்ட்ஸோ இருந்தால் முழுநேர ஹீலர் என்று ஒருவர் தேவையே இல்லை.

மேசைப் பேச்சுக்கு ஒரு விதி வையுங்கள்: தன் நிலைமையைச் சொல்லலாம், ஹீலருக்கு உத்தரவு போடக் கூடாது. "அக்கா, எனக்கு ஹீல் போடுங்க" என்பது உத்தரவு. "அக்கா, இன்னொரு அடி வாங்குனா நான் படுத்துருவனுங்க" என்பது தகவல். தகவல் கிடைத்தால் முடிவு அவருடையது, அவர் ஆடுவதும் அப்போதுதான் ஆட்டமாகும். அதே போல டிஎம் ஹீலரின் வெற்றியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிளெஸ் கொடுத்த 1டி4-ஆல் ஒரு அடி பட்டால் "இது பூசாரியம்மா கொடுத்த அடி" என்று சொல்லுங்கள். சேதத்தை உரக்கச் சொல்கிறோம், தடுத்ததை யாரும் எண்ணுவதில்லை. அதனால்தான் இந்த வேடம் வெறுமையாகத் தெரிகிறது.

அறிகுறி: "பூசாரி தொட்டால் எல்லாம் குணமாகுதே, ஊரில் ஏன் ஆள் சாகிறது?"

உலகம் கட்டும் டிஎம் எல்லாரும் சந்திக்கும் கேள்வி. பதிலை மந்திரத்தில் தேடாதீர்கள், கூலியிலும் எண்ணிக்கையிலும் இருக்கிறது.

2014 விதிநூலில் கைத்தொழில் தெரியாத கூலிக்கு நாளுக்கு 2 வெள்ளி. க்யூர் வூண்ட்ஸ் போன்ற சின்ன ஸ்பெல்லை ஊரில் ஒருவரிடம் கூலிக்குப் போடச் சொன்னால் 10 முதல் 50 பொன். குறைந்தபட்சம் 10 பொன் என்றால் 50 நாள் கூலி. ஒரு ஹீலிங் போஷன் 250 நாள் கூலி. காட்டில் மம்மட்டி பிடிப்பவர் காலை வெட்டிக்கொண்டால் மந்திரத்தை நினைத்தும் பார்க்க மாட்டார், மஞ்சளும் துணிக்கட்டும்தான். ஆகவே மந்திரம் தெரியாத வைத்தியர்களை ஊரில் வையுங்கள்: நாட்டு வைத்தியர், பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சி, கொல்லிமலையில் மூலிகை பறித்து இறக்கும் மலைக்காரர். இவர்களுக்கு ஊர் காசு கொடுக்காது, அறுப்பு முடிந்ததும் களத்தில் சோளமோ கம்போ பங்கு அளக்கும். மழை பொய்த்த ஆண்டில் களம் காலி, வைத்தியருக்கும் பங்கு இல்லை, அவர் ஊரை விட்டுப் போகிறார். அடுத்த சாகசத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

கொள்ளைநோய் வந்தால் எண்ணிக்கைக் கணக்கு இன்னும் கூர்மையாகும். மூன்றாம் லெவல் க்ளெரிக்குக்கு இரண்டாம் லெவல் ஸ்லாட் இரண்டு. 2014 விதியில் லெஸ்ஸர் ரெஸ்டரேஷன் ஒரு நோயைத் தீர்க்கும். ஆக நாளுக்கு இரண்டு பேர். ஊரில் இருநூறு பேர் படுத்திருந்தால் நூறு நாள். (2024-இல் அந்த ஸ்பெல்லின் பட்டியலில் குருடு, செவிடு, முடக்கம், விஷம் ஆகிய நான்கு மட்டுமே, நோய் இல்லை. நோயைக் கதைக் கருவாக வைக்க விரும்பினால் இது வசதி.) நாளைக்கு அந்த இரண்டு பேர் யார் என்பதை ஆட்டக்காரர்கள் முடிவு செய்யட்டும். மணியகாரர் வந்து நிற்பார்: "ஏனுங் சாமி, ரெண்டு பேருக்குத்தான் முடியும்ங்கறீங்க. எம் பேரனுக்கு மொதல்ல பாருங்." திண்ணைக்குக் கீழே பேரே கேட்கப்படாத ஒருத்தி பிள்ளையோடு நிற்பாள்.

இங்கே நம் மண்ணின் வழக்கத்தையும் கொண்டுவரலாம். அம்மை வந்தால் அதை அம்மனின் வருகையாக நினைத்து வாசலில் வேப்பிலை செருகும் ஊர் இது. மாரியம்மன் நோன்பில் கம்பம் நட்டு மஞ்சள் நீர் ஊற்றும் ஊர். பிளேக் பரவிய காலத்தின் நினைவாகக் கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்களே இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊருக்குள் வெளியூர் க்ளெரிக் ஒருவர் போய் ஒரே தொடுதலில் அம்மையை நீக்கினால், ஊர் நன்றி சொல்லுமா, அம்மனை விரட்டிவிட்டதாகக் கொதிக்குமா? கோயில் பூசாரியைப் பகையாளியாக்கும் எளிய வழிக்குப் போகாதீர்கள். அவரிடம் ஊரின் நம்பிக்கை இருக்கிறது, க்ளெரிக்கிடம் இரண்டு ஸ்லாட் இருக்கிறது. நோய் கண்ட தெருவை அடைத்து, வெளியாள் உள்ளே வராமல் காப்புக் கட்டச் சொல்ல அவரால்தான் முடியும். இருநூறு பேரைக் காப்பது அந்தக் காப்பு.

அறிகுறி: செத்தவர் எல்லாம் திரும்பி வருகிறார்கள், மரணத்துக்கு எடை இல்லை

ஸ்பெல்லைத் தடை செய்யாதீர்கள். அதற்காகவே அந்த லெவல்வரை ஆடி வந்தவருக்கு அது அநியாயம். ஸ்பெல்லுக்கு வேண்டிய கல்லைப் பிடியுங்கள்.

ரிவிவிஃபை: செத்து ஒரு நிமிடத்துக்குள், 300 பொன் வைரம். ரெய்ஸ் டெட்: பத்து நாளுக்குள், 500 பொன் வைரம், ஒரு மணி நேரச் சடங்கு. ரெசரெக்‌ஷன்: நூறு ஆண்டுக்குள், 1,000 பொன். ஒவ்வொரு முறையும் கல் அழிந்துவிடும். கூலிக்காரரின் கணக்கில் 300 பொன் என்பது 1,500 நாள் கூலி, நான்கு ஆண்டுக்கு மேல். கடையில் "வைரம் வாங்கிட்டோம்" என்று காசைக் கழித்துவிட்டுப் போகும் மேசையில்தான் மரணம் எடை இழக்கிறது.

வைரத்தை எடுத்துவிட்டு நம் கல்லை வையுங்கள். காங்கயம் பக்கத்துப் படியூர் பெரில் கல்லுக்குப் பழைய பெயர் பெற்ற இடம். நொய்யலின் வடகரையில் கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் அகழாய்வில் வெளிப்பட்டிருக்கின்றன. பதிற்றுப்பத்து கொடுமணத்தின் அணிகலன்களைப் பாடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரோம வணிகம் வந்த பாதை இது, கோவை வட்டாரத்தில் ரோமக் காசுப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. இதை அப்படியே விளையாட்டில் போடுங்கள். உயிர்ப்பிக்கத் தகுதியான கல் ஒரே குழியிலிருந்து வருகிறது. குழி யாருடையது? கடல் கடந்து வந்த வணிகன் அதற்கு இரட்டை விலை தருகிறான், அவனுக்கு அது வெறும் நகைக்கல். பட்டறையில் கல்லைத் துளைக்கும்போது உடைந்தால் ஒரு உயிர் போனதாகக் கணக்கு. குழு மொத்தத்துக்கும் ஒரு கல், அதையும் யார் சுமப்பது என்று தாளில் எழுதி வையுங்கள். கல் வைத்திருப்பவரே செத்து ஆற்றில் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளட்டும்.

தூரமும் ஒரு கருவி. கொங்கின் 24 நாட்டுக்கும் ரெய்ஸ் டெட் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் கொல்லிமலையில் இருக்கிறார் என்று வையுங்கள். கோயம்புத்தூரிலிருந்து நாமக்கல் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். விதிப்படி சாதாரண நடையில் நாளுக்கு 24 மைல், அதாவது 38 கிலோமீட்டர் சொச்சம்: நான்கு நாள், அப்புறம் மலையேற்றம். பிணத்தைச் சுமந்துகொண்டு போனால் நேரம் இருக்கிறது. வைத்தியரைக் கூட்டி வரலாம் என்று போனால் போய் வரவே எட்டு நாள், மலைக்கு ஒன்றிரண்டு, பத்து முடிந்தது. ஜென்டில் ரிப்போஸ் போட்டால் அந்த நாட்கள் கணக்கில் சேராது. அதற்கு 2014 விதியில் ஒரு சிட்டிகை உப்பும் பிணத்தின் கண்களில் வைக்கச் செப்புக்காசும் வேண்டும். நம் வழக்கத்துக்கு அதை நெற்றிக்காசாக மாற்றிக்கொள்ளலாம், ஆட்டத்தில் எதுவும் குறையாது.

இன்னொன்று விதியிலேயே இருக்கிறது, பலர் படிக்காமல் விடுகிறார்கள். ரெய்ஸ் டெட்டுக்கு உயிர் திரும்பி வரச் சம்மதிக்க வேண்டும். தலை இல்லாத உடலுக்கு அது வேலை செய்யாது. திரும்பி வந்தவர் நான்கு லாங் ரெஸ்ட்வரை ஒவ்வொரு உருட்டலிலும் தடுமாறுவார்: முதலில் 4 குறைவு, பிறகு ஒவ்வொன்றாகத் தேறும். ஆநிரை மீட்டுச் செத்து நடுகல் ஆனவரை எழுப்பினால் அவர் வருவாரா? ஊர் அவருக்குப் பொங்கல் வைக்கத் தொடங்கிவிட்டது. உடுக்கடித்துப் பாடும் அண்ணன்மார் கதையில் தங்காள் தன் அண்ணன்மாரை எழுப்புகிறாள், ஆனால் சற்று நேரத்துக்கு மட்டுமே. அவர்கள் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதையே ஒரு வீட்டு விதியாக்கலாம்: கல் இல்லாமல் ரிவிவிஃபை போட்டால் உயிர் வரும், பத்து நிமிடம் நிற்கும், போய்விடும். சொல்ல வேண்டியதைச் சொல்ல, வாக்கு வாங்க, வாளை ஒப்படைக்க அது போதும். ஆட்டக்காரர் தன் கேரக்டருக்கு விடைகொடுக்கவும் நேரம் கிடைக்கும்.

அறிகுறி: ஹெச்பி ஏறியது, ஆனால் ஆள் இன்னும் சரியாகவில்லை

தவறான மருந்து. க்யூர் வூண்ட்ஸ் விஷத்தையும் முடக்கத்தையும் தொடாது, அதற்கு லெஸ்ஸர் ரெஸ்டரேஷன். சாபத்துக்கு ரிமூவ் கர்ஸ். கல்லாகிப்போனவர், அதிகபட்ச ஹெச்பி குறைந்தவர், எக்ஸாஸ்ஷனில் இருப்பவர் ஆகியோருக்கு கிரேட்டர் ரெஸ்டரேஷன், 100 பொன் வைரத்தூளோடு. விஷம் ஏறும் முன்பே தெரிந்தால் 50 பொன் ஆன்டிடாக்ஸின், ஒரு மணி நேரத்துக்கு சேவில் அட்வாண்டேஜ். 2014 விதியில் ஆன்டெட் (நடமாடும் பிணம்), கன்ஸ்ட்ரக்ட் (செய்து உயிரூட்டிய உருவம்) இரண்டுக்கும் க்யூர் வூண்ட்ஸ் ஏறாது. உங்கள் குழுவில் இரும்பு மனிதர் இருந்தால் அவர் இனத்தின் விதியைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அறிகுறி: எதிரிப் படையில் ஹீலர் இருக்கிறார்; சண்டை முடியவே மாட்டேன் என்கிறது

இதுவரை உங்கள் ஹீலருக்குச் சொன்னதை எல்லாம் திருப்பிப் போடுங்கள். எதிரி ஹீலருக்கு விழுந்தவர் கண்ணில் படாதபடி மூடுபனி போடுங்கள், அவரைச் சைலன்ஸுக்குள் நிறுத்துங்கள். சில் டச் ஸ்பெல் பட்ட எதிரிக்குக் கொஞ்ச நேரம் ஹீலிங் ஏறாது: 2014-இல் உங்கள் அடுத்த டர்ன் தொடங்கும்வரை, 2024-இல் அது முடியும்வரை. எதிரியின் ஸ்பெல்லை முறிக்கும் கவுன்டர்ஸ்பெல் 60 அடிக்குள் பிடிக்கும். அவருடைய முதல் ஹீலிங் வேர்டுக்கே அதைச் செலவழித்துவிடாமல், மூன்றாம் லெவல் மாஸ் ஹீலிங் வேர்டு வரும்வரை கையில் வைத்திருங்கள்.